படகில் பழைய கார்பெட்டை எடுத்துவிட்டு வழுக்காத தளம் போட, ஒட்டும் ஃபோம் நல்லதா, சொரசொரப்பு பெயிண்ட் நல்லதா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: சின்ன மீன்பிடிப் படகு, தளம் முழுக்க ஒட்டிய கார்பெட், ஓரமெல்லாம் பிய்ந்து நாற்றம் எடுக்கிறது. அதைக் கழித்துவிட்டு ஃபோம் ஒட்டலாமா, பெயிண்ட் அடிக்கலாமா?

என் பதில்: தளம் முழுக்க பெயிண்ட், நீங்கள் அதிக நேரம் நிற்கிற அல்லது மண்டியிடுகிற ஓரிரு இடங்களில் மட்டும் ஃபோம். என் படகில் அப்படித்தான் செய்தேன். முழுக்க ஃபோம் ஒட்டியவர்களும் இருக்கிறார்கள், புதிதாக இருக்கும்போது பார்க்க மிக அழகு. ஆனால் மீன் பிடிக்கிற படகில் கத்தி விழும், தூண்டில் முள் குத்தும், பெட்ரோல் சிந்தும். ஃபோமில் பட்டால் அது நிரந்தரத் தழும்பு. பெயிண்ட் உரிந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

கார்பெட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. வெயிலில் காலைச் சுடாது, ஈயக் குண்டு கைதவறி விழுந்தால் சத்தம் வராது, மலிவு. அலுமினியப் படகில் அந்த அமைதி பெரிய விஷயம். சிக்கல் என்னவென்றால், அதன் இழை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அது தண்ணீரைக் குடிக்காது, அழுகவும் செய்யாது. இழைகளுக்கு நடுவிலும் பசைக்கு அடியிலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் ப்ளைவுட் ஊறிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் நாற்றம் அங்கிருந்து வர வாய்ப்பு அதிகம். அதனால் ஃபோமா பெயிண்டா என்பதை முடிவு செய்யும் முன் பிய்த்துப் பார்த்துவிடுங்கள்.

பிய்ப்பதற்கு முன் இருக்கைகள், தளத்தில் இருக்கும் சாமான் அறைகளின் மூடிகள், கயிறு கட்டும் கொக்கிகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அவற்றைச் சுற்றி வெட்டிக் காலம் தள்ளலாம் என்று தோன்றும், வேண்டாம். கார்பெட்டைக் கையகலப் பட்டைகளாகக் கீறி, ஒரு முனையைக் குறடால் பிடித்து, மேல்நோக்கி இழுக்காமல் தளத்தோடு படியச் சாய்த்து இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். வராத இடத்தில் ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதும் கருவி. ஃபைபர் படகு என்றால் அதை ஒரே இடத்தில் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள், மேல்பூச்சு கொப்பளித்துவிடும்.

அடுத்து பசை. இந்த வேலையிலேயே சலிப்பூட்டும் பகுதி இதுதான். ஃபைபரில் அசிட்டோன் கேட்கும், ஆனால் ஊற்றிய வேகத்தில் ஆவியாகிவிடும். துணியை நனைத்துப் பசைமேல் விரித்து, அதன்மேல் பாலித்தீன் தாளைப் போட்டு மூடி, சில நிமிடம் கழித்துச் சுரண்டினால் குழைந்து வரும். மேல்பூச்சு இருக்கும் இடத்தில் நீண்ட நேரம் ஊறவிட வேண்டாம். அசிட்டோன் திறந்திருக்கும்போது ஹீட் கன் பக்கமே போகக்கூடாது, அந்த ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். மரத்தில் திரவம் ஊற்றுவதைவிடச் சுரண்டியும் 40, 60 எண் உப்புத்தாளும்தான் வேலைக்கு ஆகும். மாஸ்க் கட்டாயம். அலுமினியத்தைத் தேய்க்கச் சாதாரண இரும்புப் பிரஷ் எடுக்காதீர்கள். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, பிறகு பெயிண்டுக்கு அடியிலிருந்து துருப் புள்ளிகளாக வெளியே வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ் போதும்.

இப்போது தளம் வெறுமையாக இருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பலகை கணீரென்று பதில் சொல்லும். ஊறிய பலகை மந்தமாக, அட்டையைத் தட்டியது போலச் சத்தம் கொடுக்கும். அங்கே குத்தூசியை அழுத்துங்கள், சிரமமில்லாமல் இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. குறிப்பாக இருக்கைக் கால்களின் திருகுத் துளைகளையும் மூடிகளின் விளிம்புகளையும் பாருங்கள். உளுப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஈரமாக இருந்தும் கெட்டியாக இருக்கும் பலகையை நன்றாகக் காயவிடாமல் எதையும் பூசாதீர்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினால் கார்பெட் செய்த வேலையையே பெயிண்டும் செய்யும்.

பலகை மாற்ற வேண்டியிருந்தால் பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரத்து மரைன் ப்ளைவுட் பாருங்கள். அதன் பசை தண்ணீருக்கு விடாது, உள்ளடுக்குகளில் பொந்து இருக்காது. மரைன் என்று பெயர் இருப்பதால் அழுகாது என்று நினைத்துவிட வேண்டாம், மரம் மரம்தான். ஆறு பக்கமும் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) பூச வேண்டும், அதிலும் வெட்டு விளிம்புகளுக்கு இரண்டு மூன்று கை, தண்ணீர் குடிப்பது அந்த விளிம்பு வழியாகத்தான். திருகு போகும் துளையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் புதுத் துளை போடுங்கள். அலுமினியப் படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அழுகாமலிருக்கத் தாமிர மருந்து ஏற்றிய ப்ளைவுட்டை வாங்கிப் போடாதீர்கள். ஈரம் சேர்ந்ததும் தாமிரம் அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும்.

ரொம்பப் பேர் யோசிக்காத ஒன்று, மூடிகள். கார்பெட் மூடியின் விளிம்பைச் சுற்றி மடிந்து வரும், சட்டத்திலும் வரும். அந்தத் தடிமனைக் கணக்கில் வைத்துத்தான் மூடி வெட்டப்பட்டிருக்கும். கார்பெட் போனதும் சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி, அலையில் மூடி கடகடவென்று ஆடும், மட்டமும் கொஞ்சம் இறங்கிவிடும். புதிய மூடி வெட்டலாம், இல்லையென்றால் சட்டத்தின் உதட்டில் ரப்பர் பட்டை ஒட்டி உயரத்தையும் ஆட்டத்தையும் சேர்த்துச் சரிக்கட்டலாம். கால் விரல் மாட்டும் அளவுக்கு இடைவெளி இருந்தால் புதிதாக வெட்டுவதே நல்லது.

சரி, பெயிண்டுக்கு வருவோம். பள்ளம், பழைய துளை எல்லாம் எபாக்சியில் பட்டி பார்த்து, 80 எண் தாளால் தேய்த்து, துடைத்து, எபாக்சி ப்ரைமர். அலுமினியத்தைத் தேய்த்த கையோடு ப்ரைமர் அடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு என்று வைத்தால் மேலே ஆக்சைடு படிந்து பிடிப்பு குறையும். மேல் பெயிண்டில் சொரசொரப்புக்கு இரண்டு வழி. ஒன்று, ஈரப் பூச்சின்மேல் நுண்மணலையோ ரப்பர் துகளையோ தூவி, காய்ந்தபின் ஒட்டாததைப் பெருக்கித் தள்ளிவிட்டு, மேலே இன்னொரு கை பூசுவது. டப்பாவிலேயே மணலைக் கலந்து அடிக்கலாம்தான், ஆனால் அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழவழப்பு என்று ஆகும். இன்னொரு வழி கிவிகிரிப் போன்ற கெட்டி அக்ரிலிக் பூச்சு. அதில் மணலே கிடையாது, சொரசொரப்பான ரோலரைத் தடவும்போது எழும் முள்முள்ளான அமைப்புதான் பிடிமானம். தனியாக வேலை செய்பவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

எவ்வளவு சொரசொரப்பு என்பதை முதலில் ஒரு துண்டுப் பலகையில் அடித்துப் பாருங்கள். காய்ந்ததும் சோப்புத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு ஏறி நில்லுங்கள், பிறகு மண்டியிட்டும் பாருங்கள். கால் வழுக்கவும் கூடாது, முட்டி சிராய்க்கவும் கூடாது. மிகக் கரடாக இருந்தால் மீனின் ரத்தமும் செதிலும் உள்ளே போய்க் கழுவ வராது. நிறத்தில் வெளிர் சாம்பல்தான் என் தேர்வு. தூய வெள்ளை வெயிலில் கண்ணைக் கூசும், அடர் நிறம் காலைப் பொசுக்கும். சுவரோரமும் மூடிகளைச் சுற்றியும் இரண்டு விரல் அகலத்துக்கு வழவழப்பாகவே விடுங்கள், தண்ணீர் ஓட வழி இருக்கும், துடைக்கவும் எளிது. ஓரத்துக்கு ஒட்டும் டேப்பைப் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள், காய்ந்தபின் உரித்தால் விளிம்பு பல் பல்லாகப் பிய்ந்து வரும்.

ஃபோம் ஒட்டப்போகும் இடங்களை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் சொரசொரப்பான பரப்பில் ஃபோமின் பசை பிடிக்காது. அந்த இடங்களில் வழவழப்பான பூச்சோடு நிறுத்திவிட்டு, அது முழுதாக இறுகும்வரை பொறுத்திருங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பது போதாது, டப்பாவில் போட்டிருக்கும் முழு இறுகல் நேரம் ஆக வேண்டும். சீடெக் போன்ற பிராண்டுகள் விற்பது தண்ணீர் புகாத ஈவிஏ (ரப்பர் போல மெத்தென்ற பிளாஸ்டிக்) ஃபோம், ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமன், பின்னால் பசை. தடித்த காகிதத்தில் அளவு வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு ஃபோமை வெட்டுங்கள். மூலைகளை ஒரு டப்பா மூடியை வைத்து வளைவாக வெட்டுவது முக்கியம், கூர் மூலைதான் முதலில் கிளம்பும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பின்தாளை ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே ஒட்டி, கை ரோலரால் பலமாக அழுத்துங்கள். ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது. ஃபோமின் மேல் தேக்குப் பலகை போலக் கோடு கோடாகப் பள்ளம் போட்டு வருவதைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன், மீன் சளி அந்தப் பள்ளங்களில்தான் உட்காரும்.

வினைல் விரிப்பும், தெளித்ததும் கெட்டியாக இறுகும் பாலியூரியா ஸ்ப்ரேயும் பற்றிச் சிலர் கேட்பார்கள். வினைல் பெரிய தட்டையான தளங்களுக்குச் சரி, மூடிகளும் வளைவுகளும் நிறைந்த சின்னப் படகில் வெட்டி ஒட்டுவது வதை. பாலியூரியா அசைக்க முடியாத உறுதி, அதனால்தான் எனக்கு அதில் விருப்பமில்லை. அடியில் பலகை கெட்டால் அதைப் பெயர்த்து எடுப்பது பெரும்பாடு.

அப்புறம், டிரெய்லரில் படகு உட்காரும் கட்டைகளைச் சுற்றியிருக்கும் கார்பெட்டையும் இதோடு சேர்த்துக் கழித்துவிடாதீர்கள். அங்கே படகு வழுக்கித்தான் இறங்க வேண்டும். கிழிந்திருந்தால் கார்பெட்டாலேயே மாற்றிக்கொள்ளுங்கள், திருகு, ஊக்கு எல்லாம் கட்டையின் பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கட்டும், மேலே இருந்தால் படகின் அடியைக் கீறும்.