அபர்கவென்னி போக 1,100 பவுண்டா?

கேள்வி: வணக்கம் அண்ணா, நாங்க லண்டன் ஈஸ்ட்ஹாம்ல இருக்கோம், 7 வயசுலயும் 10 வயசுலயும் ரெண்டு பசங்க. ஆகஸ்ட் பேங்க் ஹாலிடே லாங் வீக்கெண்டுக்கு வேல்ஸ்ல அபர்கவென்னி போலாம்னு ஒரு ஆசை. வெள்ளில இருந்து மூணு நைட் கெஸ்ட்ஹவுஸ் 540, வாடகை கார் 210, கனூ (துடுப்புப் படகு) 160, சாப்பாடு 190, ஆக மொத்தம் 1,100 பவுண்ட் வருது. சேவிங்ஸ் 1,400 தான் இருக்கு. அதை எடுக்கவா, இல்ல 24.9% கார்டுல போட்டு மெதுவா கட்டவா?

பதில்: ரெண்டும் வேணாம்ங்க. வேலை போச்சுன்னா அந்த 1,400 ஒரு மாச வாடகைக்கே பத்தாது, அதுல கை வெக்காதீங்க. கார்டுல போட்டா மாசம் 20 பவுண்ட் கிட்ட வட்டி, மினிமம் மட்டும் கட்டிட்டு வந்தீங்கன்னா அடுத்த சம்மர்லயும் இந்த சம்மர் கனூவுக்குத்தான் காசு கட்டிட்டு இருப்பீங்க.

உங்க கணக்குல மலைக்குன்னு ஒரு பென்னி கூட இல்ல கவனிச்சீங்களா? அங்க இருக்கற ஷுகர் லோஃப் மலை 596 மீட்டர், ஸ்கிரிட் மலை 486, ஏற டிக்கெட்டே கிடையாது. காசெல்லாம் தேதிக்கும் காருக்கும் போகுது. பேங்க் ஹாலிடேய விட்டுட்டு ஆகஸ்ட்லயே வேற வாரம் ஞாயிறுல இருந்து புதன் வரைக்கும் பாருங்க, வீக்கெண்ட் கூட்டம் கிளம்பினப்புறம் ரூம் ரேட் பொதுவா இறங்கிடும், செவ்வாய்க்கிழமை மார்க்கெட் ஹால்ல சந்தையும் இருக்கும், ரொட்டி, சீஸ், பழம்னு வாங்கிட்டு வந்து சமைச்சுக்கலாம், அதனால கிச்சன் இருக்கற ஹாஸ்டலோ, அடுக்குக் கட்டில் போட்ட பங்க்ஹவுஸோ தேடுங்க. சும்மா எங்கயாச்சும் டென்ட் அடிச்சுக்கலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, வேல்ஸ்ல நிலத்துக்காரர் சம்மதம் வேணும்.

கார் எதுக்கு, ஊர்லயே ஸ்டேஷன் இருக்கு, பேடிங்டன்ல ஏறி நியூபோர்ட்ல மாறணும் அவ்ளோதான். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு வருஷத்துக்கு 35 பவுண்ட், பெரியவங்களுக்கு மூணுல ஒரு பங்கும் பசங்களுக்கு 60 சதவீதமும் குறையும், கூடவே அட்வான்ஸ் டிக்கெட்டும் எடுத்துடுங்க. சின்னவன் மலை ஏற மாட்டேன்னு அடம் புடிச்சா ஆத்தைத் தாண்டி லான்ஃபாயிஸ்ட் போய் கால்வாய் ஓரமா நடக்க விடுங்க, மேடு பள்ளமே இல்லாத பாதை. அந்தக் காலத்துல பிளேனாவன் ஊர் இரும்பு, மலையில இருந்து டிராம் பாதையில இறங்கி அங்கதான் படகு ஏறுச்சு.

இப்ப ஏப்ரல்தானே, மாசம் 150 தனியா ஒதுக்குங்க, 600 சேரும், ட்ரிப்ப அதுக்குள்ள அடக்குங்க. கனூவை மட்டும் வெட்டாதீங்க, பசங்க அதைத்தான் ஸ்கூல்ல போய் சொல்லுவாங்க. ரூம் வாடகை 100 பவுண்டுக்கு மேலன்னா நேரா ஓனர்கிட்டயே கிரெடிட் கார்டுல கட்டிட்டு பில் வந்ததும் முழுசா அடைச்சிடுங்க, அவங்க ஏமாத்தினாலோ இழுத்து மூடினாலோ கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தோட செக்‌ஷன் 75 படி கார்டு கம்பெனிகிட்ட காசைத் திருப்பிக் கேக்கலாம்.

அப்புறம் மழைக்கோட்டு. நான் ஒருதடவை மூணு பவுண்ட் பிளாஸ்டிக் கோட்டோட ஷுகர் லோஃப் ஏறினேன், உச்சிக் காத்துல பத்தே நிமிஷத்துல கிழிஞ்சு தொங்குச்சு, கீழ வந்து ஃபுல் ரேட்ல ரெண்டு ஜாக்கெட் வாங்க வேண்டியதாப் போச்சு. நீங்க இப்பவே சேல்ல பாத்து வாங்கி வெச்சிடுங்க.