சாவி உங்கள் வீட்டு ஆணியில் தொங்கினால்...

கேள்வி: 2018-ல் கஜா புயல் அடித்தபோது பத்துப் பேர் சேர்ந்து சோறு பொங்கிப் போட்டதில் ஆரம்பித்தது எங்கள் அமைப்பு. இப்போது 40 பேர் இருக்கிறோம். ரத்த தானம், வாய்க்கால் சுத்தம் செய்வது, தனியாக இருக்கும் முதியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்று வேலை நடக்கிறது. நான்தான் செயலாளர். போன வருடம் வெளியூரிலிருந்து பயிற்சியாளரை அழைத்து, மண்டபம் பிடித்து, இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சி முகாம் நடத்தினோம். 38,000 ரூபாய் செலவு. எல்லாரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், சான்றிதழ் வாங்கினார்கள். ஒருவர்கூடப் பொறுப்பெடுக்க வரவில்லை. சாமான் அறைச் சாவியிலிருந்து ரத்தம் கேட்டு வரும் போன் வரை இன்றைக்கும் என்னிடம்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு முடியவில்லை. இந்த வருடமும் முகாம் நடத்தச் சொல்கிறார்கள். நடத்தலாமா? சான்றிதழ் இல்லையென்றால் கல்லூரிப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்கிறார்களே, நிஜமா?

பெயர் வேண்டாம், திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நடத்துங்கள். போன வருடம் நடத்திய மாதிரி மட்டும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் முகாமைப் பற்றி எழுதியதைவிட அந்தச் சாவிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. தார்ப்பாய், மண்வெட்டி, கயிறு, அண்டா எல்லாம் அந்த அறையில் இருக்கும். ஒரே சாவி, அது உங்கள் வீட்டு ஆணியில் தொங்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் யாருக்கு மண்வெட்டி வேண்டுமென்றாலும் உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும். நின்று நின்று பழகிவிட்டார்கள். இருபது நாள் பயிற்சி கொடுத்தாலும் அந்தப் பழக்கம் போகாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆபத்து நேரத்தில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர்களுக்கு வருகிற வியாதி இது. எனக்கும் வந்திருக்கிறது.

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டும் மாலையும் மேடையுமாக இருக்கிறார்களே என்று நாம் கேலி செய்வோம், போகட்டும். ஒரு விஷயத்தில் அவர்கள் கெட்டி. அவர்களுக்கு ஜூலை 1-ல் புது வருடம். தலைவர் பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த தலைவர் யார் என்று முன்கூட்டியே முடிவாகிவிடும். ரோட்டரியில் அப்படித் தேர்வானவர்களுக்கென்றே, பதவி ஏற்குமுன் தனிப் பயிற்சிக் கூட்டம் உண்டு. அங்கே வந்து உட்காருகிறவருக்கு இன்னும் சில மாதத்தில் இந்தப் பாரம் தன் தலையில் என்று தெரியும். அதனால் சொல்வது காதில் ஏறும். நீங்கள் 40 பேரை உட்கார வைத்தீர்கள்; அதில் யாருக்கும் காத்திருக்கிற வேலை என்று ஒன்று இல்லை. செயலாளர் நாற்காலியிலோ நீங்கள் இருக்கிறீர்கள். யார் முன்வருவார்கள், சொல்லுங்கள்?

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை விதிகளைப் பாருங்கள். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரையும் போடக் கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் போடக் கூடாது. (நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் இடமே இல்லை என்பது வேறு கதை.)

அதனால் தேதி குறிப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, நீங்கள் செய்வதையெல்லாம் எழுதுங்கள். சாவி, ரத்த போன், கணக்கு நோட்டு, பஞ்சாயத்து அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போவது, ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்த்து அனுப்புவது. தாள் நிறையும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், ஒரு வருடம். ஆளைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள்; "யாரு செய்றீங்க?" என்றால் நம் ஊரில் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பெண் பிள்ளைகளாக இருந்தால் அம்மா அப்பா எதிரிலேயே கேளுங்கள். வேலையெல்லாம் அந்தப் பிள்ளைகள் செய்வார்கள், பொறுப்பாளர் என்று பெயர் போடும்போது மட்டும் யாரோ ஒரு அண்ணன் பெயர் வரும். உங்கள் அமைப்பில் அப்படி இல்லையென்றால் சந்தோஷம்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் முகாம். மற்றவர்கள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் கல்லூரியில் படித்தபோது கும்பகோணத்தில் இப்படி ஒரு முகாமுக்குப் போனேன். பலூன் ஊதினோம், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தோம், "என்னால் முடியும்" என்று தொண்டை வறளக் கத்தினோம். பேசியவர்கள் சொன்னதில் ஒரு வரி ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது இரண்டாம் நாள் மதியம். பந்தி விசாரிக்க வேண்டிய பெரியவர் வரவில்லை. சமையல் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ பாத்துக்க" என்றார். நான் ஓடிப்போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கினேன். பிடுங்கி வைத்துவிட்டார். "வாளியத் தூக்கினா உனக்கு எதிர்ல இருக்கற இலைதான் தெரியும். கடைசியில போய் நின்னு பாரு." நின்று பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். ரசம் ஊற்றுகிற இரண்டு பேரும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரைத் திருப்பிவிட்டேன், சாம்பாரை மூன்றாவது வரிசைக்கு வரச் சொன்னேன். அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பிடும்போது மணி நாலு.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் முகாமின் மதியச் சாப்பாட்டைக் கேட்டரிங்கில் விடாதீர்கள். புதிதாகப் பொறுப்பெடுக்கிற இரண்டு பேரிடம் பணத்தைக் கொடுத்து, சமைத்துப் பந்தி முடிப்பது வரை அவர்கள் பாடு என்று விட்டுவிடுங்கள். உப்பு கூடினால் கூடட்டும்.

காலையில் பேச்சாளர் வேண்டாம். தரையில் சாக்பீஸால் உங்கள் பகுதியை வரையச் சொல்லுங்கள்: எந்த வாய்க்கால் எங்கே உடையும், எந்தப் பாலம் முழுகும், எந்தத் தெருவில் கூரை வீடு, எங்கே நிறைமாத கர்ப்பிணி, யார் டயாலிசிஸுக்குப் போகிறவர். அப்புறம் கணக்கைப் போடுங்கள்: ராத்திரி இரண்டு மணி, கரண்ட் இல்லை, டவர் இல்லை, கையில் 60 தார்ப்பாய், கூரை போன வீடு 120. கஜா கரையைக் கடந்த நவம்பர் 16-க்கு அடுத்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டு ஊர்களில் நின்று இறக்கிவிட்டுப் போய்விட, உள்ளே இருந்த ஊர்கள் காத்துக் கிடந்தன. அந்த 60-ஐ எந்தத் தெருவிலிருந்து கொடுக்கத் தொடங்குவது என்று வரும்போதுதான் பிள்ளைகள் உண்மையாகப் பேசுவார்கள். சத்தம் கூடும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். முடிந்தால் அந்த ஒரு மணி நேரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுங்கள்.

மதியத்துக்கு மேல் ரத்த போன். இதற்கென்று தனி சிம் வாங்கி, வாரம் ஒருவரிடம் மாற்றிவிடுங்கள். கூடவே ஒரு நோட்டு: பெயர், ரத்தப் பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நாலு மாதம் இடைவெளி வேண்டும் என்பதால் அந்தத் தேதி இல்லாத நோட்டு உதவாது. ஒருவர் நோயாளியின் அண்ணனாக நடிக்கட்டும், அழட்டும், கத்தட்டும். இன்னொருவர் அவரிடமிருந்து எந்த ஆஸ்பத்திரி, என்ன பிரிவு, எத்தனை யூனிட், அங்கே ரத்த வங்கியில் கேட்டாகிவிட்டதா என்று நாலு விஷயத்தை வாங்க வேண்டும். முதல் தடவை யாருக்கும் வராது. போனை வைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி பேரையே கேட்கவில்லை என்று தெரியும். நிஜத்திலும் முதல் மாதம் தப்பு நடக்கும். வேறு ரத்தப் பிரிவுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்பார். பரிசோதிக்காமல் யாருக்கும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள், ஒரு நடை வீண். அதற்காகப் போனைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள்.

தேதி, இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் அப்புறம் குறுவை வேலை, ஆள் கிடைக்காது. சம்பா அறுவடையெல்லாம் ஓய்ந்து, பரீட்சையும் முடிந்த சித்திரை, வைகாசிதான் தோது. முகூர்த்த நாளைத் தள்ளிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தார்ப்பாய்க் கணக்கை மட்டும் இன்னொரு சாயங்காலம் போட்டுப் பாருங்கள். மண்டபம் வேண்டாம், அரசுப் பள்ளிக்கூடத்தில் அனுமதி கேளுங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் வந்து உட்காருகிற இடம் அது. நாலரைக்கு முடித்தால் மினி பஸ்ஸைப் பிடித்து இருட்டுமுன் வீடு போய்ச் சேர்வார்கள்.

சான்றிதழ் விஷயம் நிஜம்தான். வேலைக்குப் போகும்போது காட்டப் பிள்ளைகளுக்கு ஒரு தாள் வேண்டும், அதில் தப்பே இல்லை. கொடுங்கள். ஆனால் முகாம் முடிந்த அன்றைக்கே நீட்டாதீர்கள். பொங்கல் கழிந்து கொடுங்கள். "ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ரத்த அழைப்புகளைக் கவனித்தவர்" என்று அவரவர் செய்த வேலையை எழுதிக் கொடுங்கள். கையெழுத்து நீங்கள் போட வேண்டாம். அப்போது செயலாளராக இருக்கிறவர் போடட்டும்.