அப்பத்தாவின் வலது கண்ணும் இடது கண்ணும்

வழக்கமான கம்பெனி மாதிரி இல்லாத நிறுவனங்களில் தலைமையில் இருப்பவர்கள் புதுமையை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்றுதான், அதுவும் எங்கள் அப்பத்தா புண்ணியத்தில் தெரிந்தது.

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். 1989-இல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அப்பத்தாவுக்கு வலது கண்ணில் புரை. அங்கிருந்தே பஸ்ஸில் ஏற்றி மதுரை அரவிந்த் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். "சோறும் போட்டு வீட்டு வாசல்ல எறக்கி விட்டாங்கப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பத்தா சொல்லும். ஆனால் திரும்பி வந்தபோது மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு படி இறங்கினால் தரை எழும்பி வருகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தது.

1997-இல் இடது கண். அதே முகாம், அதே மருத்துவமனை, அதே இலவசம். இந்த முறை கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். சோடாபுட்டி பரணுக்குப் போனது. இடையில் இருந்த எட்டு வருஷத்தில் என்ன நடந்தது என்று பிற்பாடுதான் தேடிப் படித்தேன்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரை அண்ணா நகரில் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். இளவயதில் வந்த முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களுக்குத் தோதாகக் கருவிகளைச் செய்துகொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். பணத்துக்கு வீட்டை அடமானம் வைத்தார், குடும்பத்து நகைகளும் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கூடச் சேர்ந்தது.

அவர் போட்டுக்கொண்ட நிபந்தனை மூன்று. வருகிற யாரையும் காசில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. தரம் குறையக் கூடாது. நன்கொடையை நம்பி ஓட்டக் கூடாது, காசு கொடுக்க முடிந்த நோயாளிகள் தரும் வருமானத்திலேயே நடக்க வேண்டும். இதில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் யாரும் நடத்திவிடலாம். மூன்றும் வேண்டும் என்றால் இருக்கிற முறையில் ஒன்றும் நடக்காது, ஒவ்வொன்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும். என் பார்வையில் அவருடைய தலைமை என்பது அந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கடைசி வரை தளர்த்தாமல் இருந்ததுதான். "புதுசா யோசிங்க" என்று யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வருஷா வருஷம் "புதுமை வாரம்" கொண்டாடுவார்கள். கேக் வெட்டுவோம், பெட்டியில் சீட்டு போடுவோம். அந்தப் பெட்டியை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை.

சரி, என்ன மாற்றினார்கள்? கண் ஆஸ்பத்திரியில் விலை கூடிய பொருள் சர்ஜனின் நேரம். நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைக் கழுவி, மரத்துப்போக ஊசி போட்டு, கட்டுப் போட்டு முடிக்கும் வரை அவர் சும்மா நிற்பார். அரவிந்தில் இரண்டு மேசையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் ஆள் தயாராகிவிடுவார். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். தயார் செய்கிறவர்கள் பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள், இரண்டு வருஷம் அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு சர்ஜன் வருஷத்துக்கு 2,000 அறுவை வரை செய்கிறார். நாட்டில் மற்ற இடங்களில் சில நூறுதான். மெக்டொனால்ட்ஸ் எல்லா ஊரிலும் சாதாரணப் பிள்ளைகளைப் பழக்கி ஒரே மாதிரி பண்டம் போடுகிறதே, கண் ஆபரேஷனை ஏன் அப்படிச் செய்ய முடியாது என்று வெங்கடசாமி கேட்பாராம். அப்போது கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 1993-இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி இதைப் பாடமாகவே எழுதியது.

லென்ஸ் கதை இன்னும் சுவாரசியம். புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டால், அதற்குப் பதிலாக ஒன்று கண்ணுக்குள் வைக்க வேண்டும், இல்லையென்றால் தடித்த கண்ணாடிதான். எண்பதுகளில் அப்படி உள்ளே வைக்கும் உள்விழி லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு, ஒன்று ஏறக்குறைய 100 டாலர். காசு கொடுப்பவருக்கு லென்ஸ், இலவசக்காரருக்குச் சோடாபுட்டி. அப்பத்தாவின் வலது கண் அந்தக் காலத்துக் கண். இரண்டாவது நிபந்தனை இங்கேதான் இடித்தது. ஏழை நாடுகளுக்கு லென்ஸ் ஆடம்பரம், கண்ணாடியே போதும் என்று சொன்ன நிபுணர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். விலை இறங்கும் என்று காத்திருக்காமல் 1992-இல் டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர், சேவா அறக்கட்டளை ஆகியோரின் துணையோடு மதுரையிலேயே ஆரோலேப் என்று லென்ஸ் தொழிற்சாலை போட்டார்கள். விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. அந்த லென்ஸ் இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் தொழிற்சாலை போடுவதெல்லாம் எந்த ஆலோசகரும் சொல்லக்கூடிய யோசனை இல்லை.

இதை அப்படியே யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஆரம்ப வருஷங்களில் குடும்பத்து டாக்டர்கள் குறைந்த சம்பளத்துக்கு நேரம் காலம் பார்க்காமல் உழைத்ததுதான் அதன் முதலீடு. புதுச்சேரியில் ஆசிரமம் வைத்திருந்த ஸ்ரீ அரவிந்தர் மேல் பக்தியும் அவர்களுக்கு இருந்தது, மருத்துவமனையின் பெயரே அப்படி வந்ததுதான். மேனேஜ்மென்ட் வகுப்பில் மேசை ஏற்பாட்டை வரைந்து காட்டுவார்கள், இதை வரைய முடியாது. விடிகாலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்க்கும் அந்தப் பெண்களின் உழைப்பைப் பற்றியும் புகழ்ச்சிக் கட்டுரைகளில் இரண்டு வரிக்கு மேல் இருக்காது.

அப்புறம் ஒன்று, அவர்கள் தோற்ற இடத்தையும் பார்க்க வேண்டும். ஆபரேஷன் இலவசம் என்று அறிவித்தும் முதலில் ஆட்கள் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி என்று ஏழைக்கு இலவசமும் செலவுதான். அப்பத்தா ஏறிப்போன பஸ்ஸும் அது பெருமையாகச் சொன்ன சோறும் அதைத் தெரிந்துகொண்ட பிறகு வந்தவை. அதன் பிறகும் ஆய்வு செய்து பார்த்தால், கண்ணில் கோளாறு உள்ளவர்களில் சிறு பகுதிதான் முகாமுக்கு வருகிறார்கள் என்று தெரிந்தது. அத்தனை வருஷம் பேர் வாங்கித் தந்த முகாமையே போதாது என்று ஒப்புக்கொண்டார்கள். 2004-லிருந்து தேனிப் பக்கத்துச் சிற்றூர்களில் பார்வை மையம் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிப்பார், டாக்டர் தேனியிலிருந்து வீடியோவில் பேசுவார். இன்டர்நெட் வசதி இல்லாத அந்த ஊர்களுக்குத் தொலைதூர வைஃபை இணைப்பைப் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்கள் வந்து அமைத்தார்கள்.

போன வருஷம் அம்மாவை அப்படி ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனேன். "டாக்டர் எங்கப்பா?" என்று அம்மா தேட, அந்தப் பிள்ளை டிவியைக் காட்டியது. கண்ணாடி நம்பர் மட்டும்தான் மாறியிருந்தது. அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டோம்.