பழைய 911-க்கு இன்னும் பத்துக் குதிரை: கேள்வி பதில்

போர்ஷே 911 வரிசையில் 1978 முதல் 1983 வரை வந்த எஸ்.சி., 1984 முதல் 1989 வரை வந்த காரெரா 3.2 ஆகிய இரண்டில்தான் என் பட்டறை அனுபவம் பெரிதும் அடங்கியிருக்கிறது. அன்றாடம் ஓட்டும் வண்டியின் இயல்பைக் குலைக்காமல் அதைச் சற்றே சுறுசுறுப்பாக்குவது குறித்த கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பந்தய எஞ்சின் கட்டுவது என் துறை அன்று.

கேள்வி (கலிஃபோர்னியா): என்னிடம் 1982 எஸ்.சி. இருக்கிறது. ஐரோப்பாவில் விற்ற அதே வண்டிக்கு 204 குதிரைத்திறன் என்றும், அமெரிக்க வண்டிக்குச் சுமார் 180 தான் என்றும் அறிகிறேன். இந்த இடைவெளியைக் குறைந்த செலவில் அடைக்க முடியுமா?

பதில்: முழுதாக அடைக்க முடியாது. 2,994 கன செ.மீ. கொள்ளளவு இரண்டுக்கும் ஒன்றுதான் என்றாலும், ஐரோப்பிய எஞ்சினின் அழுத்த விகிதம் 9.8, உங்களுடையது 9.3, அந்த வேறுபாடு பிஸ்டனிலேயே இருப்பதால் எஞ்சினைப் பிரிக்காமல் அதை எட்ட வழியில்லை. வினையூக்கி மாற்றியைக் கழற்றிவிட்டுக் குழாய் பொருத்தலாம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் கலிஃபோர்னியாவில் 1976 மாடல் முதலான பெட்ரோல் வண்டிகள் புகைச் சோதனைக்கு உட்பட்டவை என்பதால் அந்த வழியும் உங்களுக்கு அடைபட்டிருக்கிறது.

ஆனால் உங்கள் வண்டி அந்த 180-ஐயாவது தருகிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. நாற்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த திறனில் ஒரு பகுதியை ஓசையின்றி இழந்திருக்கின்றன என்பதே நான் கண்டது. ஒருவரை உள்ளே அமர்த்தி, எஞ்சினை இயக்காமல் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று த்ராட்டில் தண்டை நீங்களே பாருங்கள். இணைப்புத் தண்டுகளின் பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்து, பெடல் தரையைத் தொட்ட பிறகும் த்ராட்டில் முழுதாகத் திறக்காத வண்டிகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதன்பின் வால்வு இடைவெளியை எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது 0.1 மி.மீ. அளவுக்குச் சரிசெய்து, இக்னிஷன் டைமிங்கைப் பார்த்து, கே-ஜெட்ரானிக் எரிபொருள் அமைப்பின் அழுத்தங்களை மானி கொண்டு அளந்து, ஆறு சிலிண்டர்களிலும் கசிவுச் சோதனை செய்யுங்கள். வால்வு மூடியைத் திறக்கும் அன்றே சிலிண்டர் தலையைப் பிடித்து நிற்கும் கீழ்வரிசை ஹெட் ஸ்டட்களையும் பாருங்கள், எஸ்.சி.யில் அவை டிலாவர் என்னும் உலோகக் கலவையால் ஆனவை, அரிப்புக்கு ஆளாகி உடையும் இயல்புடையவை. மூடிக்குள் ஒரு நட்டும் வாஷரும் தனியே கிடந்தால் மேம்பாடு பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கடைசியாக, டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பத்தாண்டுப் பழைய டயரில் கூடுதல் குதிரைத்திறன் ஏற்றுவது அறிவுடைமை ஆகாது.

கேள்வி (டொராண்டோ): 1981 எஸ்.சி.க்கு எந்த நிறுவனத்தின் சிப் நல்லது?

பதில்: கே-ஜெட்ரானிக் காற்றின் ஓட்டத்தை ஒரு தட்டால் உணர்ந்து இயந்திர முறையில் எரிபொருளைப் பங்கிடுவது, சிப் மாற்றித் திறனைக் கூட்டும் இடம் அதில் இல்லை.

கேள்வி (பாரிஸ்): என்னுடையது 1987 காரெரா 3.2. அதற்குச் சிப் உண்டல்லவா?

பதில்: உண்டு, மாட்ரானிக் கணினி இருப்பதால். ஐரோப்பிய 3.2 ஏற்கெனவே 231 குதிரைத்திறன் தருவது. அழுத்த விகிதம் 10.3. பெரும்பாலான சிப்கள் செய்வது இக்னிஷனை முன்தள்ளி எரிபொருள் அளவைத் திருத்துவது மட்டுமே. இந்த எஞ்சினில் நாக்கிங்கை, அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுமீறி வெடிப்பதை, உணரும் சென்சார் கிடையாது. அது அடுத்து வந்த 911-ஆன 964-இல்தான் வந்தது. விசிறியின் இரைச்சலில் நாக்கிங் உங்கள் காதுக்கும் கேட்காது. ஆகவே எந்த ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதப்பட்டது என்று சொல்ல மறுப்பவரிடம் சிப் வாங்க வேண்டாம். அதற்கு முன் எஞ்சின் கணினிக்கும் எரிபொருள் பம்புக்கும் மின்சாரம் தரும் டி.எம்.இ. ரிலே ஒன்றைப் புதிதாக வாங்கிக் கையுறைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்; நடுவழியில் உங்களை வீடு சேர்ப்பது அதுதான்.

கேள்வி (லண்டன்): எஸ்.எஸ்.ஐ. துருப்பிடிக்காத எஃகு வெப்பமாற்றிகளையும் (கேபினுக்குச் சூடு தரும் எக்ஸாஸ்ட் குழாய்கள்) பழைய பாணி ஸ்போர்ட் சைலன்சரையும் என் எஸ்.சி.யில் பொருத்த எண்ணுகிறேன். பயன் உண்டா?

பதில்: எரிபொருள் அமைப்பைத் தொடாமல் செய்யக்கூடிய மாற்றங்களில் எனக்கு மிகவும் உவப்பானது இதுவே. 1974 வரையிலான 911-களில் இரு பக்கத்திலும் புகை தனித்தனியே, ஏறத்தாழச் சம நீளக் குழாய்களில், நேரே சைலன்சருக்குச் சென்றது. 1975 முதல் புகைக் கட்டுப்பாட்டுக்கும் கேபின் வெப்பத்துக்குமாகக் குழாய் வழி சுற்றி வளைக்கப்பட்டது. எஸ்.எஸ்.ஐ. பொருத்துவது பழைய வழிக்குத் திரும்புவதே. நடுத்தரச் சுழற்சியில் எஞ்சின் மூச்சு விடுவதை நீங்கள் உணர்வீர்கள். எண்ணிக்கையில் பத்துக் குதிரைத்திறனைத் தாண்டி எதிர்பார்க்க வேண்டாம்.

விலைப்பட்டியலில் எழுதப்படாத செலவுகள் மூன்று. எஸ்.சி.யின் எண்ணெய்க் குழாய்கள் பழைய வெப்பமாற்றிகளின் வழியில் குறுக்கிடுவதால் அவற்றில் சிலவற்றை மாற்ற வேண்டும். கேபின் வெப்பக் குழாய்களுக்குத் தகுந்த இணைப்புகள் வேண்டும். துருவேறிய எக்ஸாஸ்ட் ஸ்டட்கள் ஹெட்டுக்குள்ளேயே உடைந்தால், அவற்றைத் துளையிட்டு எடுக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். இந்த மூன்றாவதுக்காகவே வீட்டு வாசலில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்கிறேன்.

கேள்வி (ஹாம்பர்க்): பழைய வெபர் 40 ஐ.டி.ஏ. கார்புரேட்டர் இணை ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்திருக்கிறது. எஸ்.சி.யில் வேறெதையும் மாற்றாமல் பொருத்தினால் முப்பது குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள்.

பதில்: கூடாது. எஸ்.சி.யில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் கே-ஜெட்ரானிக்குக்காகவே மென்மையாக வடிவமைக்கப்பட்டது. ஆறு சிலிண்டர்களுக்கும் பொதுவாக ஒரே காற்றுத் தட்டு இருப்பதால், உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீண்டால் காற்று பின்னுதைத்துத் தட்டைத் துடிக்கச் செய்யும். அதனால்தான் அந்த நேரத்தைக் குறுக்கினார்கள். அந்தக் கேம்ஷாஃப்ட் உள்ளே இருக்கும்வரை, வெளியே எத்தனை வாய்கள் திறந்திருந்தாலும் எஞ்சின் குடிக்கும் காற்றின் அளவு பெரிதாக மாறாது.

ஹாம்பர்க் நண்பர் மீண்டும்: 911 பிறந்ததே கார்புரேட்டரோடுதான். என் நண்பரின் வண்டியில் மாற்றிய பின் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் பாய்கிறது. நீங்கள் சொல்வது ஏட்டுக் கணக்கு.

பதில்: பிறந்தது சோலெக்ஸ் கார்புரேட்டரோடு, 1966-இல் வெபர் வந்தது. 1969 மாடலில் 'ஈ', 'எஸ்' ஆகியவற்றுக்கு போஷ் இயந்திர இன்ஜெக்‌ஷன் வந்தபோதே அதிக திறன் வேண்டிய வண்டிகள் கார்புரேட்டரைக் கைவிட்டுவிட்டன. உங்கள் நண்பர் உணரும் பாய்ச்சலை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ராட்டில் இருக்கும்போது பாதி மிதியில் கிடைக்கும் துடிப்பு வேறு, முழு மிதியில் கிடைக்கும் திறன் வேறு. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் (திறன் அளக்கும் கருவி) அளந்த தாள் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்.

வேறொருவர் (சூரிச்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கே-ஜெட்ரானிக்கின் பிளாஸ்டிக் காற்றுப் பெட்டி குளிர்காலத்தில் பின்வெடிப்பால் உடைகிறதே, அந்தத் தொல்லை கார்புரேட்டரில் இல்லையே?

பதில்: உண்மை. என் சொந்த வண்டியிலேயே ஒரு பனிக்காலக் காலையில் அந்தப் பெட்டி பிளந்தது. சத்தம் கேட்டு அண்டை வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் அதற்கு மருந்து, பெட்டியில் துளையிட்டுப் பொருத்தும் சிறிய பாப்-ஆஃப் வால்வு. தலைவலிக்குத் தலையையே மாற்ற வேண்டியதில்லை.

ஹாம்பர்க் நண்பர் மூன்றாம் முறை: ஆக, வெபரை விற்றுவிடச் சொல்கிறீர்களா?

பதில்: வைத்திருங்கள். என்றாவது ஹெட் ஸ்டட்டுக்காக எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால், அப்போது 98 மி.மீ. பிஸ்டன்களும் சிலிண்டர்களும் போட்டு, 70.4 மி.மீ. ஸ்ட்ரோக்கை மாற்றாமலே 3,186 கன செ.மீ. ஆக்கி, வால்வும் பிஸ்டனும் மோதாத இடைவெளியை அளந்து பார்த்துத் துணிச்சலான கேம்ஷாஃப்ட் போட்டால், உங்கள் வெபருக்கு வேலை இருக்கும். கே-ஜெட்ரானிக்கையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அதே சமயத்தில் 964-இன் கேம்ஷாஃப்ட் வடிவத்தை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். அது அந்த அமைப்போடு ஒத்துப்போகும். மற்றபடி உங்கள் ஊரில் பழம்பெரும் வண்டிகளுக்கான 'ஹெச்' பதிவெண் வைத்திருப்பவர் எந்த மாற்றத்தையும் செய்யுமுன் சோதனையாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. கார்புரேட்டர் பற்றி இனி எழுதமாட்டேன்.

கேள்வி (சிட்னி): வளைவுகளில் வண்டி சாய்கிறது. டார்ஷன் பார்களைத் தடிப்பாக்கலாமா?

பதில்: வில்லுக்குப் பதிலாக முறுக்கத்தில் வண்டியைத் தாங்கும் இந்தத் தண்டுகள் எஸ்.சி.யில் முன்னால் சுமார் 19, பின்னால் 23 மி.மீ. இருக்கும். சாலைக்கு 21-ம் 26-ம் போதும். தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவது, இரண்டு மி.மீ. கூட்டினாலே முன்பக்கம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விறைக்கும், பின்பக்கம் மூன்று மி.மீ. கூட்டும்போது அதற்கும் சற்று மேல். ஷாக் அப்சார்பர் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் வண்டி பந்துபோலத் துள்ளும். ஆனால் முதலில் பின்கையின் ரப்பர் புஷ்களை மாற்றி, நான்கு சக்கரங்களின் எடையையும் சமன்செய்யத் தெரிந்தவரிடம் அலைன்மென்ட் செய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு பின்னச்சின்மேல் இருக்கும் வண்டி இது. வளைவின் நடுவே திடீரென்று காலை எடுத்தால் பின்புறம் வெளியே வீசும். அந்தப் பழக்கத்தை எந்த டார்ஷன் பாரும் மாற்றாது. டயரின் தேதி?

கேள்வி (ஃபீனிக்ஸ், அரிசோனா): கோடையில் எண்ணெய் வெப்பமானி அச்சமூட்டுகிறது. திறனைக் கூட்டுமுன் பெரிய ஆயில் கூலர் அவசியமா?

பதில்: மிக நல்ல கேள்வி. காற்றுக் குளிர்ப்பு என்று பெயர் இருந்தாலும் இந்த எஞ்சினின் வெப்பத்தில் கணிசமான பங்கைச் சுமப்பது எண்ணெய்தான். தனித்தொட்டி அமைப்பில் பத்து லிட்டருக்கு மேல் அது சுற்றிக்கொண்டிருப்பதும் அதனால்தான். எஞ்சின்மேல் உள்ள கூலர் போதாதபோது, ஏறத்தாழ 85 பாகையில் ஒரு தெர்மோஸ்டாட் திறந்து, முன் வலது சக்கர வளைவுக்குள் இருக்கும் கூலருக்கு எண்ணெயை அனுப்புகிறது. பல எஸ்.சி.களில் அங்கே இருப்பது வளைந்த குழாய் மட்டுமே; பிற்காலக் காரெராவின் தகடு வைத்த கூலரையும் மின்விசிறியையும் பொருத்தினால் வேறுபாடு நன்றாகத் தெரியும். வாங்குமுன், வண்டி சூடேறிய பிறகு அந்தக் குழாய்களைக் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது கூலர் அன்று. எண்ணெய் அளவைச் சமதரையில், எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்து மேலும் ஊற்றியவர்கள் பலர் காற்றுப் பெட்டிக்குள் எண்ணெயைக் கண்டிருக்கிறார்கள்.

கேள்வி (மெல்பேர்ன்): செயின் டென்ஷனரை மாற்றுவது மேம்பாடாகுமா?

பதில்: குதிரைத்திறன் ஒன்றும் கூடாது, எஞ்சின் மிஞ்சும். 1984 காரெராவில் வந்த, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனரை எஸ்.சி.யில் பொருத்தலாம்; கேம்ஷாஃப்டை ஓட்டும் சங்கிலியை இறுக்கிப் பிடிப்பது அதுதான். மற்ற எதற்கும் முன் செய்யுங்கள்.

கேள்வி (ஆக்லாந்து): என் எஸ்.சி.க்கு டர்போ பொருத்தலாமா?

பதில்: ஒரு 930 வாங்குங்கள், டர்போவோடே பிறந்த 911 அது.

கேள்வி (நியூ ஜெர்சி): 1980 எஸ்.சி.க்குச் சிப் ஏதேனும்...

பதில்: டொராண்டோ நண்பருக்கு எழுதியதை மேலே படியுங்கள். ஆண்டு மாறினால் பதில் மாறாது.

கேள்வி (ஆஸ்லோ): குறுகிய கியர் நெம்புகோல் பொருத்தினால் 915 கியர்பாக்ஸ் விரைவாக மாறுமா?

பதில்: கை விரைவாக நகரும், சின்க்ரோ வளையங்கள் விரைவாகத் தேயும். நெம்புகோலின் புஷ்களையும் கிளட்ச் சரிசெய்தலையும் முதலில் பாருங்கள்.

கலிஃபோர்னியா நண்பர் மீண்டும்: நீங்கள் சொன்னபடி பார்த்தேன். பெடலை முழுதாக மிதித்தும் த்ராட்டில் முக்கால் பங்குதான் திறந்தது. புஷ்களை மாற்றிய பின் வேறு வண்டி போல இருக்கிறது. கீழ்வரிசை ஸ்டட்கள் பன்னிரண்டும் நலம். ஆனால் டயரின் குறி 1409 என்று இருக்கிறது.

பதில்: 2009-ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம். புதிய டயர் வாங்க அந்த வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள். சக்கரங்களைக் கழற்றி வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.