ஏழு நாள் முகாமுக்குப் போய்வந்த மகள்

அம்மா, சனிக்கிழமை நீங்களும் மகளும் வந்துபோன பிறகு, உங்களுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லையோ என்று மனசு உறுத்தியது. அதனால்தான் எழுதுகிறேன்.

"காலாண்டு லீவுல நீட் கோச்சிங்கை விட்டுட்டு ஏழு நாள் என்.எஸ்.எஸ். கேம்ப் போனா. வந்ததிலிருந்து டாக்டர் வேண்டாம், சோஷியல் ஒர்க் படிக்கிறேன்னு நிக்கிறா. அந்தச் சர்டிபிகேட்டால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டீர்கள்.

சர்டிபிகேட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு நீட் மதிப்பெண்தான் கணக்கு. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியலை வைத்து 200க்குப் போடும் கட் ஆஃப். இரண்டிலும் முகாம் சான்றிதழால் அரை மார்க்கூட ஏறாது. ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் என்.எஸ்.எஸ். என்ற இந்த நாட்டு நலப்பணித் திட்டத்தை ஆரம்பித்ததே, படிக்கிற பிள்ளைகள் ஊருக்குள் இறங்கி நாலு பேர் வீட்டு வாசலில் நிற்கட்டும் என்றுதான்.

உங்கள் மகள் நின்றிருக்கிறாள். நீங்கள் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தபோது பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். முகாமில் எழுதியது. கோயில் பிராகாரம் கூட்டியது, சீமைக்கருவேலம் வெட்டியது, மரக்கன்று நட்டது எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு வரிதான். நாலாம் நாள் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனது மட்டும் ஆறு பக்கம், பொடி எழுத்தில்.

அதில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீடு வருகிறது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிறார். அட்டையைத் துண்டு துண்டாக நறுக்கியதில் பெயரெல்லாம் போய்விட்டது. "பெருசு காலையில, சிறுசு ராத்திரி" என்று சொன்னாராம். பார்த்தால் எல்லாம் ஒரே அளவு. இவள் பாட்டிலோடு பாட்டியையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூட்டிப்போய், எது எது என்று பிரித்து வாங்கியிருக்கிறாள். நோட்டுத் தாளைக் கிழித்து இரண்டு கவர் மடித்து, ஒன்றில் சூரியன், ஒன்றில் நிலா வரைந்து கொடுத்திருக்கிறாள். மறுநாள் சாயங்காலம், சரியாகத்தான் போடுகிறாரா என்று பார்க்கத் திரும்பவும் போயிருக்கிறாள். யாரும் போகச் சொல்லவில்லை. எனக்கு அந்த மறுநாள்தான் முக்கியமாகப் பட்டது. "ஏன் டாக்டராக ஆசை?" என்று கேட்டால் "சேவை செய்ய" என்று சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். இப்படித் திரும்பிப் போய்ப் பார்த்த பிள்ளை அபூர்வம்.

டாக்டர் என்றால் அறைக்குள் உட்கார்ந்து சீட்டு எழுதுபவர் என்றுதான் அவள் மனதில் இருக்கிறது என நினைக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து, ஊர் மக்களின் உடல்நலத்தைப் பார்க்கும் சமுதாய மருத்துவத்திலேயே எம்.டி. செய்யலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் அந்தத் திட்டத்தின் வேலை. அவள் சூரியனும் நிலாவும் வரைந்து செய்ததை ஒரு மாநிலம் முழுக்கச் செய்வது அது. அதற்கு டாக்டரும் வேண்டும், செவிலியரும் வேண்டும், ஊர் மக்களோடு பேசத் தெரிந்தவரும் வேண்டும்.

சோஷியல் ஒர்க்கும் லேசான படிப்பு இல்லை. பி.எஸ்.டபிள்யூ. மூன்று வருடம், அப்புறம் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருடம். முதுகலையில் மருத்துவம், மனநலம் என்று சிறப்புப் பிரிவு எடுத்தால் மருத்துவமனைகளில் வேலைக்குப் போகலாம். சென்னையில் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இருக்கிறது. கிராமப்புற வேலைதான் பிடிக்கும் என்றால் திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தையும் ஒருமுறை நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆனால் ஆரம்பச் சம்பளம் குறைவு, அலைச்சல் அதிகம். இதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பயமுறுத்துகிற குரலில் மட்டும் சொல்ல வேண்டாம்.

பிளஸ் ஒன்தானே, அவசரமில்லை. உயிரியல் பிரிவில் இருப்பதால் மருத்துவம், நர்சிங், சோஷியல் ஒர்க் மூன்று கதவும் திறந்தே இருக்கின்றன. கோச்சிங்கை இப்போதே நிறுத்தவும் வேண்டாம், "சோஷியல் ஒர்க்" என்ற பேச்சை வீட்டில் தடை செய்யவும் வேண்டாம். ஏழு நாளில் வந்த ஆசை நிற்குமா என்று பார்த்துவிடுவோம். அரையாண்டு விடுமுறையில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் நீங்களே போய்க் கேளுங்கள்: மகள் மூன்று நாள் அங்கே கூடமாட உதவியாக இருக்கலாமா என்று. கூட்டத்தையும் சலிப்பையும் பார்த்துவிட்டு என்ன சொல்கிறாள் என்பதை வைத்து மேற்கொண்டு பேசலாம். ஜனவரியில் வரும்போது அந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அதுவரை பழைய பேப்பரோடு போய்விடாமல் பத்திரமாக வையுங்கள்.