கேள்வி-பதில்: பெட்ஷீட் வாங்கும்போது இஞ்ச் டேப் எதற்கு?

கேள்வி: புதிதாக 78க்கு 72 இஞ்ச் மெத்தை வாங்கினோம். உயரம் 8 இஞ்ச். ஆன்லைனில் ‘டபுள் பெட்ஷீட், 1000 திரெட் கவுண்ட்’ என்று போட்டிருந்ததை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் பாதி விரிப்பு சுருண்டு நடுவில் கிடக்கிறது. ஃபேன் ஓடினாலும் முதுகு வியர்க்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, தாம்பரம்

பதில்: இரண்டு புகாரையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதலில் அளவு. நம் கடைகளில் டபுள் என்றால் பெரும்பாலும் 90க்கு 100 இஞ்ச். உங்கள் மெத்தையின் அகலம் 72. இரண்டு பக்கமும் 8 இஞ்ச் இறங்க வேண்டும், ஆக 88. மெத்தைக்கு அடியில் செருக உங்களுக்கு மிஞ்சுவது பக்கத்துக்கு ஒரே ஒரு இஞ்ச். பருத்தித் துணி முதல் சலவையிலேயே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும். ஐந்து பங்கு சுருங்கினால் 90 என்பது எண்பத்தைந்தரை ஆகிவிடும். அப்புறம் அது மெத்தையின் அடிவிளிம்பைக்கூடத் தொடாது. உங்களுக்குத் தேவை 108க்கு 108. சில கடைகளில் அதைக் கிங் என்பார்கள், சில இடங்களில் 100க்கு 108-ஐயே கிங் என்று எடுத்துப் போடுவார்கள். அதனால் டபுள், குயின், கிங் என்று கேட்காதீர்கள், இஞ்ச் சொல்லிக் கேளுங்கள். பொட்டலத்தில் அடைத்து விற்கும் விரிப்பில் அளவு அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளிலேயே இருக்கிறது.

எலாஸ்டிக் வைத்த விரிப்பு வாங்குவதாக இருந்தால் நீள அகலத்தோடு ஆழத்தையும் பார்க்க வேண்டும். 8 இஞ்ச் மெத்தைக்குப் பத்து இஞ்ச் ஆழம் போதும். கரூர் பக்கம் ஏற்றுமதியில் மிஞ்சியது என்று மலிவாகக் கிடைக்கும் உருப்படிகளில் இங்கேதான் சிக்கல். துணி அருமையாக இருக்கும். ஆனால் அமெரிக்கக் கட்டிலுக்கு, பதினான்கு பதினைந்து இஞ்ச் உயர மெத்தைக்குத் தைத்ததாக இருந்தால் நம் வீட்டில் தொளதொளவென்று நிற்கும்.

அடுத்து அந்த ஆயிரம். ஒரு சதுர இஞ்சில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் கூட்டினால் வருவதுதான் திரெட் கவுண்ட். ஒரு சதுர இஞ்சில் ஆயிரம் நூலைத் திணிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அதனால் சன்ன நூல் நான்கை முறுக்கி ஒரே நூலாக்கி, 250 நூல் ஓடும் துணியை 250 பெருக்கல் 4 என்று கணக்குக் காட்டுகிறார்கள். அப்படி நெய்த துணி கனமாக இருக்கும், காற்று புகாது. உங்கள் முதுகு வியர்ப்பதற்கு அது காரணமாக இருக்கலாம். பளபளப்பான சேட்டின் நெசவாக இருந்தால் வெக்கை இன்னும் கூடும். சென்னைக்கு 200 முதல் 300 வரை, ஒன்றுக்கொன்று மாறி ஓடும் சாதா நெசவு போதும். பெர்கேல் என்று பெரிய கடைகளில் எழுதியிருப்பது இதைத்தான்.

‘எகிப்து பருத்தி’ என்ற லேபிளுக்கும் கூடுதல் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். 2016-இல் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், எகிப்து பருத்தி என்று சொல்லி வேறு பருத்தியில் செய்த விரிப்புகளைக் கொடுத்ததாக வெல்ஸ்பன் நிறுவனத்தோடு வியாபாரத்தையே முறித்துக்கொண்டது. சுமார் ஏழரை லட்சம் உருப்படிகள்! அவ்வளவு பெரிய கடைக்கே தெரியாமல் போனது.

கேள்வி: ‘கிளேஸ் காட்டன்’, மூன்று பெட்ஷீட், ஆறு தலையணை உறை, 499 ரூபாய். வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பேரில் காட்டன் இருக்கிறது, துணியில் பெரும்பாலும் இருக்காது. இந்தப் பேரில் மலிவாக வருவது அநேகமாகப் பாலியெஸ்டர். விவரப் பகுதியில் ‘100% பருத்தி’ என்று தெளிவாக இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே கையில் இருந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த்தொட்டிப் பக்கத்தில் நின்று கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி, கெட்டியான கறுப்பு மணியாகும். இரண்டும் கலந்த துணியில் இரண்டு குணமும் தெரியும்.

விருந்தாளிகளுக்கு எடுத்துப் போட, சீக்கிரம் காய, இஸ்திரி வேலை மிச்சமாக என்றால் பாலியெஸ்டர் மோசமில்லை. தினம் படுக்க நான் வாங்க மாட்டேன். பருத்தி என்று எழுதிக் கொடுத்து ஏமாற்றியிருந்தால் பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் வைத்துக்கொண்டு முதலில் விற்றவரிடம் கேளுங்கள், மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

கேள்வி: சென்னிமலைக் கைத்தறி விரிப்பு வாங்கினேன். முதல் அலசலிலேயே சாயம் இறங்கியது. திருப்பிக் கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: அடர் சிவப்பு, நீலம் என்றால் முதல் ஓரிரு அலசலில் ஒட்டாத சாயம் கொஞ்சம் இறங்கும், அதற்காகத் திருப்ப வேண்டாம். பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள். நான்காவது சலவையிலும் வாளித் தண்ணீர் கலங்கினால் சாயமேற்றியதில் கோளாறு. பில்லோடு கடைக்குப் போய்க் கேளுங்கள். கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்கியிருந்தால் உருப்படியில் உள்ள சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அதையும் கேட்பார்கள்.