மாதா கெபிக்கு எந்த லில்லி வைக்கலாம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: முற்றத்தில் மாதா கெபி (மாதா சிலை வைக்கும் சிறு குகை) கட்டியிருக்கிறோம், சுற்றிலும் வெள்ளை லில்லியும் முள்முடிச் செடியும் வைக்க ஆசை. கோவில் வாசலில் பக்கியில் (திறந்த சிறு சரக்கு வண்டியில்) வரும் ஒருவர் ‘எருசலேம் மாதா லில்லி’ என்று ஒரு கிழங்கை 150 ராண்டுக்கு விற்கிறார், வாங்கலாமா? வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள்.

வாங்காதீர்கள் அம்மா. மாதா லில்லி என்பது படங்களில் கபிரியேல் தூதர் கையில் பிடித்திருக்கும் வெள்ளை லில்லி, அது கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. குளிர்கால மழையும் கோடையில் காய்ந்த மண்ணும் இருந்தால்தான் அது தங்கும். டர்பனில் கோடை முழுக்க மழை, புழுக்கம், கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். அவர் சொல்வது நிஜமாகவே இருந்தாலும் உங்கள் பணம் வீண்தான். பெரும்பாலும் நிஜமாக இருக்காது. இங்கே சுலபமாகக் கிடைப்பது சூசையப்பர் லில்லி, அதைத்தான் பெயர் மாற்றித் தள்ளிவிடுகிறார்கள்.

பெயரைக் கேட்டதும் சூசையப்பர் கையில் இருக்கும் பூத்த கோல் ஞாபகம் வரும், ஆனால் இதன் பூர்வீகம் தைவான். காற்றில் விதை பறந்து நம் குவாசூலு-நட்டால் மாகாணம் முழுக்கப் பரவிவிட்டதால், 2004 பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வரும் 1பி பட்டியலில், அதாவது கட்டுப்படுத்தியே ஆக வேண்டிய அந்நியச் செடிகளின் பட்டியலில் இருக்கிறது. விற்கக் கூடாது, நடக் கூடாது. வீட்டை விற்கும்போதுகூட, பட்டியலில் உள்ள செடி தோட்டத்தில் இருந்தால் வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதை அரசிதழில் போட்டுவிட்டால் போதுமா? விற்கிறவரைத் தட்டிக் கேட்க ஆளில்லை, சாலையோரத்தில் அதே செடி வருஷா வருஷம் விதை தூவுகிறது, பொறுப்பு மட்டும் வீட்டுக்காரர் தலையில்.

ஒரு விலக்கு உண்டு, இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். உயிர்ப்பு ஞாயிறுக்குப் பீடத்தில் வைக்கும் ஈஸ்டர் லில்லி வேறு இனம், ஜப்பானின் தெற்குத் தீவுகளைச் சேர்ந்தது, அதை வளர்க்கலாம். கிழங்கைப் பார்த்து நீங்கள் பிரித்தறிய முடியாது, ஆகவே பூத்த தொட்டியாக மட்டும் வாங்குங்கள். பூவைத் திருப்பி இதழின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். நீளவாக்கில் பழுப்பு கலந்த ஊதாக் கோடு ஓடி, இலையும் புல் மாதிரி ஒல்லியாக இருந்தால் அது தைவான்காரன். இலை அகலமாக, இதழ் வெளியிலும் சுத்த வெள்ளையாக இருந்தால் ஈஸ்டர் லில்லி. ஏற்கெனவே வீட்டில் தைவான் லில்லி இருந்தால், காய் வெடிக்கும் முன் வெட்டிப் பையில் கட்டுங்கள், கிழங்கைத் தோண்டி எடுங்கள், எருக்குழியில் மட்டும் போடாதீர்கள்.

என்னைக் கேட்டால் ஆரம் லில்லியே போதும். இந்த மண்ணின் செடி, ஈரமான நிழலில் தானாக வளரும், பக்கத்து வீட்டில் கேட்டாலே ஒரு கிழங்கு கிடைக்கும். வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கிக் கோவிலில் வைக்கிறார்கள், நாம் சாக்கடை ஓரத்துப் பூ என்று ஒதுக்குகிறோம், எனக்கு அது பொறுக்கவில்லை. இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும், அதனால் கெபிக்குப் பின்பக்கம், பேத்தி போகாத இடத்தில் நடுங்கள். முன்னால் செண்டுமல்லி வையுங்கள்.

முள்முடிச் செடி மடகாஸ்கரிலிருந்து வந்தது, ஆண்டவர் தலையில் வைத்த முடி இதில் பின்னியதாக இருக்க வாய்ப்பில்லை. அந்த முள்ளையும் இரத்தச் சிவப்புப் பூவையும் பார்த்துப் பாடுகளைத் தியானிக்கிறோம், அதில் தப்பொன்றும் இல்லை. ‘எருசலேம் முள்’ என்று கூடுதல் விலை சொன்னால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். அப்புறம், இதன் பால் கண்ணுக்கு ரொம்பக் கெடுதல். பேத்தி வளரும்வரை தொட்டியில் வைத்து மதில் மேல் ஏற்றிவிடுங்கள், கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள். பால் கண்ணில் பட்டால் தேய்க்க விடாமல் நிறையத் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.